அகன்ற வீதிகளுக்குப் பழகிய கைகளும் ஊவாவின் ஒடுங்கிய பாதைகளும்

நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பாடசாலை விடுமுறை என்று காலம் வரும்போதெல்லாம் ஊவாவின் மலைவீதிகளில் வாகன வரிசை நீள்வதை நாம் காண்கிறோம். அவ்வரிசையில் உள்ளூர் பஸ்களும் கொழுந்து லொறிகளும் மாத்திரம் இல்லை. கட்டாரிலோ சவூதி அரேபியாவிலோ பல்லாண்டுகள் சாரதியாக உழைத்துத் திரும்பியவர் தமது சேமிப்பில் வாங்கிய வான் அதில் உண்டு. கனடாவிலிருந்து உறவினரைக் காண வந்தவர் கொழும்பில் வாடகைக்கு எடுத்த காரும் உண்டு. எல்லவின் அழகைப் பார்க்க வந்த வெளிநாட்டு இளைஞர்கள் தாமே ஓட்டிச் செல்லும் முச்சக்கர வண்டியும் உண்டு.

இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. வாகனம் ஓட்டும் பழக்கத்தை இவர்கள் பெற்றது வேறு வகையான வீதிகளில். அனுமதிப்பத்திரம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனால் பெரகலையைத் தாண்டி அப்புத்தளைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் உள்ளங்கை வியர்க்கிறது, தோள் இறுகுகிறது, எதிரே பஸ் ஒன்று தோன்றினால் மூச்சு நின்றுவிடும் போலாகிறது. பத்து வருடங்கள் பாலைவன நெடுஞ்சாலையில் பெரிய வாகனம் ஓட்டியவர்கூடச் சொந்த ஊர்ப் பாதையில் இவ்வாறு தடுமாறுவது ஏன் என்று வீட்டார் வியப்பதுண்டு. சிலர் பரிகசிப்பதும் உண்டு.

இது பரிகசிக்க வேண்டிய விடயமன்று. இந்த அழுத்தத்துக்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்துகொள்ளாமல் வெட்கத்தால் மறைப்பதும், மறைக்கும் பொருட்டு வேகத்தைக் கூட்டுவதுமே ஆபத்தானவை.

வண்டிப் பாதையாகப் பிறந்த வீதி

ஊவாவின் வீதிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் அவை எதற்காக வெட்டப்பட்டன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பியையும், கோப்பி நோயால் அழிந்த பின்னர் தேயிலையையும், மலையிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அவற்றின் நோக்கமாக இருந்தது. புகையிரதப் பாதை பதுளையை எட்டியது 1924ஆம் ஆண்டில்தான். புகையிரதம் வருவதற்கு முன்னர் சுமையைத் தாங்கியவை மாட்டுவண்டிகளும் மனிதத் தலைகளுமே. மாடு இழுக்கக்கூடிய சாய்வும், இரு வண்டிகள் விலகிச் செல்லக்கூடிய அகலமும் இருந்தால் போதும் என்றே மலையைச் சுற்றிப் பாதை வெட்டப்பட்டது. ஒரு பக்கம் செதுக்கிய மண்மேடு, மறுபக்கம் பள்ளம், இடையே ஒரு கானு: இதுவே அதன் அமைப்பு. பின்னர் தார் இடப்பட்டது, சில இடங்களில் அகலமாக்கப்பட்டது, காபெட் விரிக்கப்பட்டது. ஆயினும் வளைவுகளின் வடிவத்தில் இன்றும் மாட்டுவண்டியின் தடம் இருக்கிறது.

உயரங்களையும் சற்று நோக்குவோம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலும் அமைந்துள்ளன. எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்க, அங்கிருந்து 30 கிலோ மீற்றருக்கும் குறைந்த தூரத்திலுள்ள வெல்லவாய சுமார் 200 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. அதாவது ஒரு மணித்தியாலத்துக்குள் வாகனமொன்று ஏறத்தாழ 800 மீற்றர் கீழே இறங்குகிறது. பாதை வழக்கமான வீதியைப் போலத் தோன்றினாலும், வாகனத்தைப் பொறுத்தவரை அது நீண்டதொரு படிக்கட்டு.

பிரதான வீதியிலிருந்து தோட்டங்களுக்குள் திரும்பினாலோ நிலைமை இன்னும் கடினம். நமுனுகுலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளி, தம்பேதென்ன ஆகிய பகுதிகளின் தோட்டப் பாதைகளில் பெரும்பாலான இடங்களில் ஒரே நேரத்தில் ஒரு வாகனம்தான் செல்ல முடியும். எதிரே கொழுந்து லொறி வந்தால் இருவரில் ஒருவர் பின்னோக்கி ஓட்டியே ஆகவேண்டும்.

கை அறிந்ததும் கண் அறியாததும்

வாகனம் ஓட்டுவது பெரும்பகுதி பழக்கத்தால் நடப்பது. கியர் மாற்றுவதையும் கண்ணாடி பார்ப்பதையும் நாம் ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்வதில்லை. பழகிய சூழலில் இதுவே நமக்குத் துணை. சூழல் மாறியதும் அதே பழக்கம் எதிராகத் திரும்புகிறது.

வளைகுடா நாடுகளிலும் கனடாவிலும் ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதியிலும் வாகனங்கள் வீதியின் வலப்புறத்தில் ஓடுகின்றன. சாரதி இடப்புற ஆசனத்தில் அமர்கிறார். இலங்கையில் எல்லாம் மறுதலை. இடப்புற ஆசனத்தில் பல்லாண்டுகள் அமர்ந்தவர் வலப்புறத்தில் அமரும்போது, தமது இடப்பக்கத்தில் வாகனம் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்ற கணக்கு தப்பிவிடுகிறது. அகன்ற வீதியில் ஓர் அடி தவறினால் எவரும் கவனிக்கமாட்டார்கள். பசறை வீதியில் அந்த ஓர் அடிதான் கானு. மறுபுறம் திரும்பினால் அந்த ஓர் அடிதான் பள்ளம்.

சமிக்ஞை விளக்கின் நெம்புகோல்கூட இடம் மாறியிருக்கிறது. நம் நாட்டில் பெரும்பான்மையாக உள்ள ஜப்பானிய வாகனங்களில் அது வலக்கைப் பக்கம் இருக்கும். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பழகியவர் திரும்புவதற்கு இடக்கையை நீட்டினால், விளக்குக்குப் பதிலாகக் கண்ணாடி துடைப்பான் ஆடத் தொடங்குகிறது. சமதரையில் இது சிரிப்புக்குரிய சங்கதி. மூடுபனி இறங்கிய முடக்கில், பின்னால் பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டிருக்கையில், அதே சிறு தடுமாற்றம் ஒரு விநாடிக் கவனத்தைப் பறித்துவிடுகிறது.

அச்சத்தால் உடலும் மாறுகிறது. கைகள் சுக்கானை இறுகப் பற்றுகின்றன. பார்வை குறுகி, முன்னால் உள்ள சில மீற்றர் தூரத்திலேயே நிலைத்துவிடுகிறது. மலைவீதியில் வேண்டியது இதற்கு நேர்மாறானது. அடுத்த வளைவுக்கு அப்பால், மலைச்சரிவின் மறுபக்கத்தில் தெரியும் வீதித் துண்டில் ஏதேனும் வருகிறதா என்பதைச் சில நிமிடங்களுக்கு முன்னரே பார்த்துவைப்பது உள்ளூர்ச் சாரதியின் வழக்கம். எந்த மதகடியில் ஒதுங்க இடமுண்டு, எந்த நேரத்தில் எந்த பஸ் எதிரே வரும், எந்தத் தோட்டத்து லொறி எப்போது தொழிற்சாலைக்குத் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வருபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆக, உள்ளூரவருக்கு ஒரு மணித்தியாலப் பயணமாக இருப்பது இவருக்கு ஒரு மணித்தியாலப் பரீட்சையாகிறது.

ஒலிப்பானின் மொழியும் வேறு. வெளிநாட்டில் பழகியவருக்கு ஒலிப்பான் என்றால் கோபம். மலைவீதியில் அது பெரும்பாலும் அறிவிப்பு: "வளைவில் நான் வருகிறேன், கவனம்" என்பதே அதன் பொருள். இதை அறியாதவர் ஒவ்வொரு ஒலிக்கும் பதறுகிறார். தாம் ஒலியெழுப்ப வேண்டிய இடத்தில் நாகரிகம் கருதி மௌனமாக இருந்துவிடுகிறார்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து

மலையேறுவதற்குத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் இறக்கமே அதிக கவனம் வேண்டுவது. இறங்கும் வாகனத்தின் வேகத்தைப் பிரேக் குறைக்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடியே நீண்ட இறக்கத்தில் வந்தால், சூடேறிய பாகங்கள் பிடிப்பை இழக்கின்றன. மேலும் சூடானால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி தரைவரை இறங்கினாலும் வாகனம் நிற்காது. இதனாலேயே பழைய சாரதிகள், ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று கற்பித்தார்கள். தாழ்ந்த கியரில் இயந்திரமே வாகனத்தைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

வெளிநாட்டில் தன்னியக்கக் கியர் வாகனங்களை மாத்திரம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. கியர்ப் பிடியை 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கையே நம்பி இறங்குகிறார்கள். அத்தகைய வாகனங்களிலும் இறக்கத்துக்கென்று 'எல்', '2' அல்லது 'பி' என்ற தாழ்நிலைகள் இருக்கின்றன. வாடகைக்கு வாகனம் கொடுப்பவர் இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. அந்த ஐந்து நிமிடம் பல இடங்களில் செலவிடப்படுவதில்லை என்பதே நமது கவலை.

இரு விபத்துகள் சொல்வது

2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்குக்குக் குறையாத உயிர்கள் பறிபோயின. முப்பதுக்கும் அதிகமானோர் காயமுற்றனர். ஏற்கெனவே ஒடுங்கியிருந்த அந்த இடத்தில், மேட்டிலிருந்து சரிந்த பாறையொன்று வீதியின் ஒரு பகுதியை மறித்துக்கிடந்தது. எதிரே ஒரு டிப்பர் வாகனம். இரண்டும் விலகிச் செல்ல முற்பட்ட கணத்தில் அந்த அனர்த்தம் நேர்ந்தது. அங்கே ஓட்டியவர் வெளிநாட்டவரல்லர், பாதை புதியதுமன்று. வீதி பாதியாகச் சுருங்கியிருக்கும்போது பழகியவரின் திறமையும் போதாமற்போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் எதிரே வந்த வாகனத்தில் மோதி, ஓரப் பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பெரும் பள்ளத்தில் வீழ்ந்தது. 15 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே 11ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ், ஊவாவுக்கு அப்பால் கொத்மலை கெரண்டியெல்லவில் வீழ்ந்து 20க்கும் அதிகமானோர் மாண்ட துயரம் ஆறுவதற்கு முன்னரே இது நிகழ்ந்தது. எல்லவில் வேலி இருந்தது. ஆனால் ஒரு பஸ்ஸின் மோதலை அந்த வேலி தாங்கவில்லை.

இவ்விபத்துகளில் எவர்மீது குற்றம் என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒடுங்கிய மலைவீதி சாரதியின் பிழையை மன்னிப்பதில்லை. சமதரையில் ஒரு கீறலோடு முடியக்கூடிய தவறு இங்கே பல குடும்பங்களை அழித்துவிடுகிறது. பிழை செய்யும் இயல்புடைய மனிதரைக் கருத்திற்கொண்டே வீதி அமைக்கப்பட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண்மேடுகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் மூடிய லயங்களை மறக்காத மக்களுக்கு, சரிவின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. மேட்டிலிருந்து விழும் ஒவ்வொரு மண் குவியலும் வீதியின் அகலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதை அகற்றும் வரையிலான நாட்களே மிக ஆபத்தான நாட்கள்.

தோட்டப் பாதைக்கு யார் பொறுப்பு?

பிரதான வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்த்துக்கொள்கிறது. தோட்டப் பாதைகளின் கதை வேறு. நீண்ட காலமாக, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்குச் சட்டமே தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். சபைகளுக்கு உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சபைகளால் அவர்களது பாதையில் ஒரு குழியைக்கூட மூட முடியவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பின்னரே அந்தத் தடை நீங்கியது. சட்டம் திருந்தியது, பாதைகள் அதே வேகத்தில் திருந்தவில்லை.

இதன் விளைவைச் சுற்றுலாப் பயணி ஒரு நாள் அனுபவிக்கிறார். தோட்டத்தவர் ஆயுள் முழுவதும் அனுபவிக்கிறார். லயத்திலிருந்து பிரசவத்துக்குப் புறப்படும் பெண்ணும், நெஞ்சுவலியோடு துடிக்கும் முதியவரும் அதே பாதையில்தான் பதுளை வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் 1990க்கு அழைத்தவுடன் புறப்பட்டாலும், ஒதுங்க இடமில்லாத பாதையில் எதிரே ஒரு வாகனம் நின்றால் நிமிடங்கள் கரைகின்றன. ஒதுங்குமிடம் என்பது சாரதிகளின் வசதிக்கு மாத்திரம் உரியதன்று.

பிற நாடுகளின் வழி

மலைநாடுகள் யாவும் எல்லா வீதிகளையும் அகலமாக்கிவிடவில்லை. மலையை மேலும் செதுக்கினால் மேலும் சரியும் என்பதை அவை அறிந்திருக்கின்றன. அகலத்துக்குப் பதிலாக அவை ஒழுங்கைத் தெரிவுசெய்தன.

ஏறத்தாழ 50 ஆயிரம் இலங்கைத் தமிழர் வாழும் சுவிற்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே செங்குத்தான ஒடுங்கிய வீதியில் இரு வாகனங்கள் சந்தித்து விலக முடியாவிட்டால், இறங்கி வருபவரே பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏறி வருபவருக்கு மிக அருகில் ஒதுங்குமிடம் இருந்தால் மாத்திரமே இவ்விதி மாறும். மலைத் தபால் வீதிகள் எனப்படுபவற்றில் மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸுக்கு முதலிடம். அது வளைவுகளில் மூன்று சுர ஒலியை எழுப்பிக்கொண்டு வரும். ஏனைய சாரதிகள் அதன் சாரதி காட்டும் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும். நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் வரைந்த அடையாளம், அன்று காலைதான் அந்நாட்டில் வந்திறங்கியவருக்கும் இந்த விதியை அறிவித்துவிடுகிறது.

தமிழ்நாட்டு நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதை இன்னோர் உதாரணம். 2018 ஒக்டோபரில் சென்னையிலிருந்து சென்றவர்களின் கார் அங்கே பள்ளத்தில் வீழ்ந்து ஐவர் இறந்தனர். இரண்டு நாட்களின் பின்னரே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் வெளியூர் வாகனங்கள் அப்பாதையில் இறங்கிச் செல்வதற்கு மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு விதித்தது. பழக்கமின்மையும் ஓர் ஆபத்து என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

நம் நாட்டிலோ, 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடம் திறக்கப்பட்டது. அலைச்சலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். அதே கருமபீடத்தில் மலைவீதி விதிகளை விளக்கும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமும் கையளிக்கப்பட்டால் அந்த ஏற்பாடு முழுமை பெறும்.

செய்ய வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் ஓரிரு நாட்கள் சமதரை வீதிகளில் ஓட்டி, ஆசனமும் நெம்புகோலும் இடம் மாறியதற்குக் கையைப் பழக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கி, தூக்கமின்றி, அன்றிரவே மலையேறுவது தன்னையும் குடும்பத்தையும் பணயம் வைப்பதாகும். முதற்பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்வதும், உள்ளூர்ச் சாரதி ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வதும் கௌரவக் குறைவல்ல. ஏறி வருபவருக்கு வழி விடுவதும், பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி அவற்றை முன்னே விடுவதும் பாதி அழுத்தத்தைக் குறைத்துவிடும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். உயர்த்திய ஒளி பனியில் பட்டுத் திரும்பி நமது கண்ணையே மறைக்கும்.

பெருநாள் அவசரம் தனியே குறிப்பிடத்தக்கது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் தீபாவளிக்கு முதல்நாள் இரவு வேலை முடிந்ததும் வான்களில் நெருக்கியடித்துப் புறப்படுகிறார்கள். பகல் முழுவதும் ஓட்டிய சாரதியே இரவிலும் ஓட்டுகிறார். ரமழானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னர் வெலிமடையையோ குருத்தலாவையையோ அடைந்துவிட வேண்டும் என்ற தவிப்பும் அத்தகையதே. பயணிக்கு நோன்பிலேயே சலுகை அளித்த மார்க்கம் இஸ்லாம். வாகனத்தில் நான்கு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தால் வீதியோரத்திலும் நோன்பு திறக்கலாம். தாமதமாக வரும் மகனை மன்னிக்காத தாய் எவரும் இல்லை.

அதிகாரிகளின் பொறுப்பு இதைவிடப் பெரியது. ஒதுங்குமிடங்களை அளந்து அமைத்து, அவற்றுக்கு மும்மொழிகளிலும், மொழி தெரியாதவருக்குப் படத்தாலும் அறிவிப்புப் பலகைகள் வைக்க வேண்டும். நீண்ட இறக்கங்களின் தலைப்பில் தாழ்ந்த கியருக்கு மாறும்படி எச்சரிக்கும் பலகை வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் பஸ்ஸைத் தாங்கக்கூடிய வேலி வேண்டும். சரிந்த மண்ணையும் பாறையையும் அகற்றும் வரை அந்த இடத்தில் இருபுறமும் ஆள் நிறுத்தி, வாகனங்களை மாறிமாறி அனுப்ப வேண்டும். பசறைத் துயரத்தின் பின்னராவது இது எழுதப்படாத விதியாக இருப்பது போதாது.

2024ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காகக் கடல் கடந்தனர். அவர்களில் ஊவாவின் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள். வியர்வையின் விலையில் ஒரு வாகனம் வாங்குவார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு இதே வளைவுகளில் ஏறுவார்கள். பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவதையே தர்மமாகக் கருதும் முஸ்லிமும், வளைவிலுள்ள முனியாண்டி கோவிலடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும் தமிழரும் ஒரே வீதியின் இரு மருங்கில் வாழ்கிறார்கள். எதிரே வருபவருக்காக ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்பதும் அந்தத் தர்மத்தின், அந்த வழிபாட்டின் பகுதியே. மக்கள் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கட்டும். ஒதுங்கி நிற்பதற்கான இடத்தை அரசு கொடுக்கட்டும்.